முப்பத்தொன்பது சரி, ஒன்று தப்பு

டுடோரியலில் இருந்து போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். எனக்கு எழுத வராது என்றேன். "வர்ற மாதிரி எழுதுங்க தாத்தா, நாங்க திருத்திக்கறோம்" என்றாள். திருத்த வேண்டாம். இப்படியே போடுங்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இப்போது இங்கிலீஷ் பேசேஜ் எல்லாம் போனில்தான் வருகிறதாம். பிள்ளைகள் படித்துப் பதில் அடித்தால் போனே மார்க் போட்டுவிடுமாம். எப்படிப் போடும் என்று கேட்டேன்.

"கீ வேர்டு இருந்தா மார்க்குங்க. இல்லாட்டி இல்ல."

அது நான் பதினெட்டு வருடம் செய்த வேலை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வேலையில் ஒரு தடவை ஒரு மனிதரின் உயிர் தாளாக என் கைக்கு வந்தது. நான் சிவப்புப் பேனாவால் டிக் போட்டு அடுக்கி வைத்துவிட்டேன்.

என் பெயர் ஆறுமுகம். படிப்பு ஆறாவது. ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் இருந்தேன். மிசினில் வலது பாதம் நசுங்கியது. அன்றிலிருந்து அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறேன். மில்லை மூடினார்கள். தெரிந்தவர் சொல்லி, காந்திபுரம் டுடோரியலில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கீழே ஜவுளிக்கடை. மூன்றாவது மாடியில் நாங்கள். ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ் கண்டக்டர் விசில் வகுப்புக்குள் கேட்கும். ஜெராக்ஸ் மிசினைப் பழக இரண்டு வாரம் ஆயிற்று. பயிற்சி அவ்வளவுதான்.

படிக்க வருவது பிளஸ் டூ பிள்ளைகள். காலையில் இங்கே வந்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவார்கள். பாதிப் பேருக்கு இங்கிலீஷ்தான் பயம். அதில் பேசேஜ் என்று ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். படித்துப் புரிந்து பதில் எழுத வேண்டும். அதற்குப் பேர் அன்சீன் பேசேஜ். அன்சீன் என்றால் என்ன என்று சாரிடம் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் பார்க்காததுங்க ஆறுமுகம்" என்றார்.

சார் என்றால் இங்கிலீஷ் சார். அவருக்குப் பேர் இருந்தது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலாளிக்கு அவர் சார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சார். வருகைப் பதிவேட்டில் க. வேலுச்சாமி என்று இருக்கும். தினமும் அந்த ஏட்டை அவர் முன்னால் வைப்பது நான். அதனால் எனக்குத் தெரியும். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒல்லி. வகுப்பில் உட்கார மாட்டார். சாக்பீஸை இரண்டாக உடைத்து ஒரு பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பதினாறு வயசுப் பையனையும் வாங்க போங்க என்றுதான் சொல்வார். ஒருத்தரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

அவர் சொல்லிக் கொடுத்த வழி இதுதான். பத்தியைப் படிக்க வேண்டாம். கேள்வியைப் பார். வாட், வேர், ஹூ என்ற முதல் சொல்லை அடித்துவிடு. மிச்சம் இருக்கும் சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. கிடைத்ததும் அந்த வரியைப் பெரிய எழுத்தில் இருந்து புள்ளி வரைக்கும் அப்படியே பார்த்து எழுது. முடிந்தது.

"புரிய வேண்டியதில்லீங்க. பொருந்தினாப் போதும்" என்பார்.

பொருத்துவது எனக்கும் வந்தது. ஒரு நாள் மத்தியானம், வேலை இல்லாத நேரம், சார் ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். "எழுதுங்க பார்ப்போம்" என்றார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். சொல் தெரியாது. வடிவத்தைப் பார்த்துப் பார்த்து ஐந்து வரியை எடுத்து எழுதினேன். அவர் திருத்தினார். ஐந்துக்கு ஐந்து.

"நீங்க பாஸுங்க ஆறுமுகம்."

"எதைப் பத்திங்க சார் இது?"

"தேனீயைப் பத்திங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுவாரத்தில் இருந்து திருத்தும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

வேலை இப்படி. வெள்ளிக்கிழமை சார் கையால் எழுதிய தாள் வரும். மேலே அன்சீன் என்று எழுதிக் கோடு போட்டிருப்பார். நாற்பது காப்பி எடுப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பரீட்சை. நாலே முக்காலுக்கு மணி அடித்துத் தாள்களை வாங்கி, வரிசை எண்படி அடுக்கி, நூல் போட்டுக் கட்டுவேன். கீ தனியாக ஒரு துண்டுச் சீட்டில் வரும். கேள்விக்கு ஒரு சொல், இரண்டு சொல். அந்தச் சொல் பதிலில் இருந்தால் டிக். இல்லாவிட்டால் இன்ட்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுவேன்.

பேசேஜை எல்லாம் சார் கைடில் இருந்துதான் எடுப்பார். யானை, காந்த ஊசி, கடல் ஆமை. ஒரு வருடம் அது மாறியது.

அந்த வருடம் ஆனி மாதம் அவருடைய அக்கா தவறிவிட்டார். சாருக்குக் குடும்பம் கிடையாது. அந்த அக்காதான் வளர்த்தது. ஊரில் தனியாக இருந்தவர். எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. காரியம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்கு வந்தார். கைடைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இனி நானே எழுதறேனுங்க" என்றார்.

பதினொரு வாரம் எழுதினார். எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் வாராவாரம் வடிவம் பழகியது. மேன் என்ற சொல் வரும். ஹவுஸ் வரும். ஸ்டெப்ஸ் வரும். யானையும் ஆமையும் வரவில்லை.

வகுப்பிலும் ஆள் மாறினார். முன்பு பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார். இப்போது போர்டைப் பார்த்து நின்றால் நின்றபடி இருப்பார். முதுகுதான் தெரியும். நான் டீ கொண்டுபோய் "சார், சார்" என்று நாலு தடவை கூப்பிட வேண்டும்.

"நம்ம சாரு போர்டுக்கு டியூஷன் எடுக்கறாருடா" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

நாற்பதாவது எண் ஒரு பெண். பூங்கொடி. காங்கேயம் பக்கத்துக் கிராமம். தமிழ் மீடியம். கோயமுத்தூரில் சித்தி வீட்டில் தங்கிப் பிளஸ் டூ படித்தாள். கடைசியாகச் சேர்ந்ததால் கடைசி எண். அவளுக்குப் பொருத்தத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்‌ஷனரி பார்த்துத் தமிழ் அர்த்தத்தைப் பென்சிலால் மேலே எழுதுவாள். முக்கால் மணியில் மூன்று கேள்விதான் முடியும். டிக்‌ஷனரி அம்மணி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சார் ஒரு நாள் அவளிடம் சொன்னார். "புரிஞ்சு படிக்க இங்க நேரமில்லீங்க அம்மணி. பொருத்திப் போடுங்க."

"புரியாம எப்படிங்க சார் எழுதறது?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏட்டை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பதினோராவது வாரத் தாள் மற்றதைவிட நீளம். கொடுக்கும்போது, "இந்த வாரம் பார்த்துத் திருத்துங்க ஆறுமுகம்" என்றார்.

"எப்பவும் பார்த்துத்தானுங்க சார் திருத்தறேன்."

"ஆமாங்க. பார்த்துத்தான் திருத்தறீங்க."

சனிக்கிழமை பரீட்சை முடிந்தது. சார் போர்டை ஒரு எழுத்து இல்லாமல் துடைத்தார். சட்டைப் பையில் இருந்த அரை சாக்பீஸை எடுத்து மேசையில் வைத்தார். படியில் இறங்கும் முன் என்னைப் பார்த்து, "போறேனுங்க ஆறுமுகம்" என்றார்.

எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். வாரேனுங்க என்போம். எத்தனை வருடமாக அவரும் வாரேனுங்க என்றுதான் சொன்னார். காதில் பட்டது. ஏன் என்று கேட்கவில்லை. தாளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தினேன். முதல் தாள் ஐந்துக்கு ஐந்து. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. முப்பத்தொன்பது பேரும் முழு மார்க். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. நல்லது என்று நினைத்தேன்.

நாற்பதாவது தாளில் அந்த வாரம் முதல் தடவையாக ஐந்துக்கும் பதில் இருந்தது; முதல் மூன்று சரி. நாலாவது கேள்விக்குக் கீயில் லேம் மேன் என்று இருந்தது. பூங்கொடி தாளில் அந்தச் சொல் இல்லை. அந்த இடத்தில் என் பேர் இருந்தது. ஆறுமுகம் என்று இங்கிலீஷில். என் பேரின் வடிவம் எனக்குத் தெரியும். மில் அடையாள அட்டையில் இருபது வருடம் பார்த்தது.

நக்கல் செய்கிறாள் என்று நினைத்தேன். இன்ட்டு போட்டேன். ஐந்தாவதற்கு ஏதோ இரண்டு வரி எழுதியிருந்தாள். கீயில் இருந்த சொல் அதிலும் இல்லை. இன்ட்டு.

திங்கட்கிழமை சார் வரவில்லை. போன் போகவில்லை. சாயங்காலம் அவர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. செவ்வாய்க்கிழமை காலையிலும் வரவில்லை. முதலாளி, தாளைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்கச் சொன்னார். கொடுத்தேன்.

பூங்கொடி தாளை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுல என்னுங்க தப்பு?"

"கீல இருக்கறது உன்ற தாள்ல இல்ல கண்ணு."

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"என்ற பேரை எழுதி வெச்சிருக்கறயே, நக்கலா?"

அவள் முகம் மாறியது. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "லேம் மேன்னா என்னன்னு தெரியுமுங்களாண்ணா?"

"தெரியாது."

"கால்… கால் முடியாத ஆளுங்க. படியேறி வர்றது யாருன்னு கேள்விங்க."

நான் அவள் தாளை வாங்கினேன். திரும்பக் கொடுத்தேன். "முழுசும் தமிழ்ல சொல்லு" என்றேன்.

ஜெராக்ஸ் மிசின் பக்கத்தில் நின்று சொன்னாள். பென்சிலால் எழுதிய அர்த்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் அந்தத் தாளை நாற்பது காப்பி எடுத்தவன். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஒரு மனிதன் தன் அறையைப் பூட்டுகிறான். கடைசி பஸ் ஏறுகிறான். எண்ணெய் மில் சங்குக்கு எதிரே இறங்குகிறான். முள் வேலியை ஒட்டி நடக்கிறான். களத்தில் தேங்காய்கள் வாயைத் திறந்து கிடக்கின்றன. வீட்டு நாய் குரைக்கவில்லை. படி பதினொன்று, மூன்றாவது உடைந்தது. மேலே அக்காவின் நாற்காலி. கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேசையில் வைக்கிறான். பக்கத்தில் ஒரு டம்ளர், மூடி போட்டது. இந்த வீட்டில் ஒரு குரல்தான் அவன் பேரைச் சொல்லும். அந்தக் குரல் இப்போது இல்லை. இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாம் நாள் உச்சிவேளையில் மூடியை எடுக்கலாம் என்று இருக்கிறான். படியில் கால் முடியாத ஆள் ஒருவன் ஏறி வருகிறான். கதவில் நிற்கிறான். நாற்காலியில் இருப்பவன் திரும்பவில்லை.

அதோடு முடிந்தது.

"ஞாயிறு, திங்கள், செவ்வாய்" என்று பூங்கொடி விரலை மடக்கினாள். "இன்னைக்குத்தானுங்கண்ணா மூணாம் நாளு."

"நீ ஏன் சனிக்கெழமையே சொல்லல?"

"கதைன்னு நெனச்சேனுங்க. உங்களைப் போட்டுக் கதை எழுதியிருக்காருன்னு நெனச்சேன்."

பழைய தாள்கள் பைலில் இருந்தன. பத்தையும் எடுத்தேன். அவள் வேகமாகப் பார்த்தாள். முதல் வாரம் ஒரு கேட். அடுத்தது வேலி. அப்புறம் தொட்டி, மாடு இல்லாத கட்டுத்தரை, படி. எல்லாம் ஒரே வீடு. வாராவாரம் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

"இது எங்கூருப் பக்கமுங்கண்ணா" என்றாள். "கிளுவ முள்ளு வேலி, தேங்காக் களம், எண்ணெய் மில்லு. சங்கு வெச்ச மில்லு அங்க ஒண்ணுதான். எங்க ஸ்டாப்புக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி." தன் தாளின் பின்பக்கம் இறங்க வேண்டிய இடத்தையும் நடக்க வேண்டிய வழியையும் தமிழில் எழுதினாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"பேசேஜைப் படிச்சுப்போட்டு ஆளைத் தேடிப் போறீங்களா? நல்லா இருக்குதே. லீவு சொல்லாம ஊருக்குப் போயிருப்பாருங்க."

"இருக்கலாமுங்க. போய்ப் பாத்துட்டு வாரேனுங்க" என்றேன். வாரேனுங்க என்று அழுத்திச் சொன்னது எனக்கே கேட்டது.

சிங்காநல்லூர் போய்க் காங்கேயம் பஸ் பிடித்தேன். அங்கிருந்து டவுன் பஸ். மில் வாசலில் இறங்கும்போது பதினொன்றரை இருக்கும். சங்கு மில் சுவருக்கு மேலே தெரிந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஊருக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை. ஆனால் தெரிந்திருந்தது. கிளுவை வேலி தாள் சொன்ன இடத்தில் ஆரம்பித்தது. களத்தில் உடைத்த தேங்காய்கள் மேலே பார்த்துக் கிடந்தன. ஆள் ஒருவரும் இல்லை. கேட் பாதி திறந்திருந்தது. நாய் ஒன்று தொட்டி நிழலில் படுத்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. குரைக்கும் என்று நின்றேன். தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

படி வெளிப்பக்கம். ஒரு கையால் சுவரைப் பிடித்து ஏறினேன். மூன்றாவது படியைத் தாண்டிக் கால் வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். உடைந்திருந்தது. என் கால் இழுபடும் சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. இந்தச் சத்தமும் தாளில் இருக்கிறது என்று தோன்றியது. நாலு, ஐந்து என்று எண்ணியபடி போனேன். பதினொன்றில் கதவு.

கதவு திறந்திருந்தது. நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் சார். முதுகுதான் தெரிந்தது. மேசையில் கண்ணாடி, கடிகாரம், மூடி போட்ட டம்ளர். மூடியைத் தொட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அவர் மூச்சு விடுவது எனக்குத் தெரியவில்லை. தோள் அசையவில்லை. ஒரு ஈ அவர் காதில் உட்கார்ந்தது. அதற்கும் அசையவில்லை.

"சார்" என்றேன்.

திரும்பவில்லை.

"சார், ஆறுமுகமுங்க. டுடோரியல்ல இருந்து வாரேனுங்க."

திரும்பவில்லை. கிட்டப் போய்த் தொடலாம். கால் வரவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. தொட்டு, சில்லென்று இருந்தால் என்ன செய்வது. தாளில் கதவு வரைக்கும்தான் எழுதியிருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

பூங்கொடி தாள் சட்டைப் பையில் இருந்தது. வழி எழுதிக் கொடுத்தது. எடுத்தேன். முன்பக்கம் ஐந்தாவது கேள்வி. நாற்காலியில் இருந்தவன் ஏன் திரும்பவில்லை? முப்பத்தொன்பது பேரும் கடைசி வரியைப் பார்த்து எழுதியிருந்தார்கள். திரும்பவில்லை, ஆகவே திரும்பவில்லை என்கிற மாதிரி. அதற்குத்தான் நான் முப்பத்தொன்பது டிக் போட்டேன். பூங்கொடி எழுதியதற்கு மேலே பென்சிலில் தமிழும் இருந்தது. நான் இன்ட்டு போட்ட இடத்திலேயே.

யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதனால்தான்.

எத்தனை வருடம் சார் என்று சொன்ன வாய். பேர் சொல்ல வரவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். தூரத்தில் மில் சங்கு ஊதியது. பன்னிரண்டு. அது நிற்கும் வரை நின்றேன். அவர் கை மேசைப் பக்கம் நகர்ந்தது. மெதுவாக, தூக்கத்தில் நகர்வதுபோல.

"வேலுச்சாமி" என்றேன்.

கை நின்றது.

"ஏப்பா, வேலுச்சாமி."

திரும்பினார். இரண்டு நாள் தாடி. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் உள்ளே போய் டம்ளரை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினேன். என்ன என்று முகர்ந்து பார்க்கவில்லை. டம்ளரையும் வீசினேன். கீழே தொட்டி மேல் பட்டு உருண்டது. அப்போதுதான் நாய் குரைத்தது.

சார் தொண்டையைச் செருமினார்.

"எத்தனை பேருங்க கரெக்ட்டு?"

"முப்பத்தொம்பது பேருங்க. அஞ்சுக்கு அஞ்சு."

"தப்பு?"

"ஒண்ணுங்க."

தாளை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாலாவது பதிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஐந்தாவதைப் படித்தார். அதிலேயே இருந்தார். பிறகு, "செவப்புப் பேனா இருக்குதுங்களா ஆறுமுகம்?" என்றார்.

என் பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். இரண்டு இன்ட்டையும் அடித்துவிட்டு டிக் போட்டார். மேலே இருந்த மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பஸ் பல்லடம் தாண்டியது. அப்புறம் நான்தான் கேட்டேன்.

"நான் வருவேன்னு எப்படிங்க சார் முன்னாலயே எழுதுனீங்க?"

"நீங்க வர்றதை நான் எழுதலீங்க. நாற்காலி, டம்ளரு, அதோட நிறுத்திப்போட்டேன். யாராச்சும் படிக்கறாங்களான்னு பாக்கத்தான் கொடுத்தேன்."

காப்பி எடுத்த தாள் என்னிடம் இருந்தது. காட்டினேன். கால் முடியாத ஆள், படி, கதவு, எல்லாம் இருந்தது. கீழே அதற்கு இரண்டு கேள்வி. கீ சீட்டையும் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"என்ற கையெழுத்துதானுங்க" என்றார். "எழுதுன ஞாபகம் இல்லீங்க."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

சிங்காநல்லூரில் இறங்கி என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இருபது நாள் எங்களோடு இருந்தார். டாக்டரிடம் காட்டினோம். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். மறுபடியும் கைடு, யானை, கடல் ஆமை. ஆனால் கீ எழுதவில்லை. தாளை என்னிடம் கொடுக்கவும் இல்லை. அவரே படித்துத் திருத்தினார். மார்க் கொடுக்க இரண்டு வாரம் ஆகும். முதலாளி சத்தம் போட்டார். "படிக்க நேரமாகுதுங்க" என்பார் சார். ரிட்டயர் ஆகும் வரை அப்படித்தான்.

பூங்கொடி இங்கிலீஷில் பாஸ் ஆனாள். பெரிய மார்க் இல்லை. இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

சாருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு வாரம் ஒரு தடவை போன் செய்வேன். எடுத்ததும் "வேலுச்சாமி" என்பேன். அவர் "ம்" என்பார். அப்புறம் சார் என்றுதான் பேசுவேன். போன வருடம் மழைக்காலத்தில் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கும் போய்க் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார். மறுநாள் கூப்பிட்டபோது திறக்கவில்லை. அது வயசுச் சாவு. குறை இல்லை.

போன் மார்க் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நான் போட்டதைவிட வேகமாகப் போடும். முப்பத்தொன்பது பேர் சரி என்றால் அது சரியாகத்தான் இருக்கும். தப்பு என்று அது சொல்கிற அந்த ஒரு தாளை மட்டும் யாராவது ஒருவர் எடுத்துப் படியுங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

என் வீட்டுக்காரி போய் நாலு வருடம் ஆகிறது. மகன் வெளியூர். நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். கீழ்வீட்டில் என்னைத் தாத்தா என்பார்கள். பால்காரருக்கு அண்ணன். பேர் சொல்ல ஆள் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவேன். சில நாள் படியில் கால் இழுபடும் சத்தம் கேட்கும். இந்த வீட்டில் காலை இழுத்து நடப்பவன் நான் ஒருவன்தான். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்தை எண்ணுவேன். மூன்றாவதில் தாண்டும். என் வீட்டுப் படி ஒன்பதுதான். பதினொன்று வரை ஏறிவந்து கதவில் நிற்கும்.

நான் திரும்புவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பலாம் என்று இருக்கிறேன்.